கைவிட்ட கருவியை மீண்டும் ஏற்றல்: ஸ்கிரைபஸ் பக்கவமைப்பு மென்பொருள் பற்றிய ஒரு திறனாய்வு

நூலொன்றைக் கையிலெடுப்போர் அதன் பொருளை நோக்குவர்; நடையை நோக்குவர்; சிலர் பிழைதிருத்தம் செவ்விதாய் அமைந்துள்ளதா என்றும் நோக்குவர். அந்நூலின் பக்கங்களை வரிவரியாய் அடுக்கி ஒழுங்குசெய்த கருவி யாது என்று வினவுவார் மிகச் சிலரே. ஆயினும் அக்கருவியின் இயல்பு நூலின் தோற்றத்தை மட்டுமன்றி அதன் ஆயுளையும் வரையறுக்கின்றது. ஈய எழுத்துகளைக் கையாற் கோத்து அச்சிட்ட காலத்தில், பக்கம் அச்சேறியபின் எழுத்துகள் கலைக்கப்பட்டு மீண்டும் தத்தம் அறைகளைச் சேர்ந்தன. எஞ்சியது தாளில் விழுந்த அச்சு ஒன்றே. இன்றோ பக்கம் கணினியிற் கோப்பாக நிலைத்து நிற்கின்றது. மறுபதிப்புக்கும் திருத்தத்துக்கும் தேடலுக்கும் அக்கோப்பே மூலமாகின்றது. ஆதலின் அதனை எக்கருவியால் ஆக்குகின்றோம் என்பது வெறுந் தொழில்நுட்ப வினா அன்று. எழுதப்பட்டதை யார் வசம் ஒப்படைக்கின்றோம் என்னும் வினாவுமாகும்.

ஸ்கிரைபஸ் என்பது எவரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தவும், அதன் மூலநிரலைப் பார்த்துத் திருத்தவும் இடந்தரும் ஒரு கட்டற்ற மென்பொருள். தமிழிற் பதிப்பு வேலை செய்வோர் சிலர் முன்னொருகால் இதனை ஆவலோடு எடுத்துப் பார்த்து, தமிழுக்கு இது உதவாது எனக் கண்டு கைவிட்டனர். இக்கட்டுரையாளரும் அவ்வாறு நீங்கியோருள் ஒருவரே. பின்னர் 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதன் 1.6 என்னும் நிலைபெற்ற பதிப்பு வெளிவந்தது. நீங்கியோர் மீளலாமா? மீள்வதாயின் எவ்வளவு தூரம் மீளலாம்? பழைய கசப்பையும் புதிய கவர்ச்சியையும் ஒருபுறம் வைத்து இவ்வினாவை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவியின் வரலாறு

பக்கவமைப்பு அச்சுக்கூடத்தினின்றும் மேசைக்கு வந்தது 1985ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டிலேயே அமெரிக்காவின் அல்டஸ் நிறுவனம் மக்கின்டொஷ் கணினிக்கெனப் பேஜ்மேக்கர் என்னும் மென்பொருளை வெளியிட்டது. அப்பிள் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறியும், பக்கத்தின் வடிவத்தை அச்சுப்பொறிக்கு எடுத்துரைக்கும் போஸ்ற்ஸ்கிரிப்ற் என்னும் மொழியும் அதனோடு சேர்ந்தபோது, அச்சுக்கோப்பாளர் பலர் செய்த வேலையை ஒருவரே ஒரு மேசையிலிருந்து செய்யலாயினர். அல்டஸ் நிறுவனத்தை நிறுவிய போல் பிரெயினேட் என்பாரே இத்தொழிலுக்கு 'மேசைப் பதிப்பு' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரை இட்டவர் என்பர்.

1994இல் அடோபி நிறுவனம் அல்டஸைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 1999இல் இன்டிசைன் என்னும் புதிய மென்பொருளை அது வெளியிட்டது. பேஜ்மேக்கரின் இறுதிப் பெரும் பதிப்பாகிய 7.0, 2001இல் வந்தது. அதன்பின் அது வளரவில்லை. இவை யாவும் விலைகொடுத்துப் பெறவேண்டியவை, மூலநிரல் மறைக்கப்பட்டவை. இவற்றுக்கு மாறாக எழுந்ததே ஸ்கிரைபஸ். ஜெர்மனியைச் சேர்ந்த பிரான்ஸ் ஷ்மிட் என்பார் தொடங்கிய இம்முயற்சி 2003இல் 1.0 என்னும் பதிப்பாக வெளிவந்தது. முதலில் லினக்ஸ் கணினிகளுக்கென ஆக்கப்பட்டுப் பின்னர் ஏனைய இயங்குதளங்களுக்கும் பரவியது. தன்னார்வலர் தம் ஓய்வு நேரத்தில் ஆக்குவதாதலின் அதன் வளர்ச்சி மெதுவானது. 1.4 பதிப்பு 2012இல் வந்தது. அதனை அடுத்து நிலைபெற்ற பெரும் பதிப்பாகிய 1.6 வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. இத்தாமதம் குறையெனப் படினும், இடையில் நிகழ்ந்தது சிறு திருத்தமன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

நீங்கியதன் காரணம்

தமிழ்ப் பதிப்பாளர் ஸ்கிரைபஸை விட்டு நீங்கியது யாது கருதி? இதனை விளங்கிக்கொள்வதற்குத் தமிழெழுத்துக் கணினியில் அமைந்துள்ள முறையைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

பேஜ்மேக்கர் காலத்தில் நம்மவர் கையாண்ட முறை ஓர் எளிய தந்திரம். ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிலே தமிழெழுத்துகளின் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்கள் ஆக்கப்பட்டன. ஈழத்தவரிடையே பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துரு இவ்வகையைச் சார்ந்தது. கணினி தான் ஆங்கிலத்தையே சேமித்து வைத்திருப்பதாக எண்ணும். கண்ணுக்கோ தமிழ் தோன்றும். 'கெ' என்று எழுதவேண்டின், தட்டச்சாளர் முதலில் கொம்பை அடித்து அதன்பின் ககரத்தை அடிப்பார். ஈய எழுத்தைக் கோத்தவர் இடமிருந்து வலமாக எவ்வாறு அடுக்கினாரோ அவ்வாறே இதுவும் அமைந்தது. ஆதலின் மென்பொருள் தமிழைப் பற்றி எதுவும் அறிந்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஒருங்குகுறி முறை இதனினும் வேறுபட்டது. அதில் எழுத்தின் ஒலிமுறையே சேமிக்கப்படுகின்றது. 'கெ' என்பதில் ககரம் முன்னும் எகரக் குறி பின்னுமாக நிற்கும். அக்குறியை எடுத்து ககரத்துக்கு இடப்புறத்தில் வைத்துக் காட்டுவது மென்பொருளின் கடமை. 'கொ' என்பதில் ஒரே குறியை இரண்டாகப் பிளந்து மெய்யெழுத்தின் இருமருங்கும் வைத்தல் வேண்டும். 'கு', 'கூ' முதலியவற்றில் மெய்யும் உயிர்க்குறியும் கலந்து புதிய வடிவொன்று பிறத்தல் வேண்டும். இவ்வாறு சேமித்த வரிசையைக் கண்ணுக்குரிய வடிவமாக மாற்றும் வேலையை எழுத்துருவாக்கம் எனலாம்.

ஸ்கிரைபஸின் 1.4 பதிப்பு இவ்வேலையை அறியாது. ஒவ்வொரு குறியையும் சேமித்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக வைத்துச் சென்றது. அதனால் கொம்பு மெய்யெழுத்துக்குப் பின் வந்தது. உகரக் குறி ககரத்தோடு சேராது தனித்து நின்றது. புள்ளி தன் இடத்தில் அமையவில்லை. ஆங்கில நூலை அழகுற அமைக்கவல்ல கருவி, தமிழில் ஒரு தலைப்பைத்தானும் பிழையின்றி அமைக்க இயலாததாயிற்று. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களைக் கொண்டு அதிலே தமிழ்ப் பக்கங்களை ஆக்குவதற்குத் தடையில்லை. ஆயின் ஒருங்குகுறியில் எழுதத் தொடங்கியோர் மீண்டும் அத்தந்திரத்துக்குச் செல்வது முன்னே வைத்த காலைப் பின்னே இழுப்பதாகும்.

இவ்விடத்தில் நடுநிலையாக ஒன்று கூறவேண்டும். இக்குறை ஸ்கிரைபஸுக்கு மட்டும் உரியதன்று. பேஜ்மேக்கர் இறுதிவரை ஒருங்குகுறியை ஏற்கவேயில்லை. விலையுயர்ந்த இன்டிசைன் மென்பொருளும் தமிழ் முதலிய இந்திய எழுத்துகளை முறையாக ஆக்கத் தொடங்கியது 2012இல் வெளிவந்த சி.எஸ்.6 பதிப்பிலேயாம். ஆகவே ஒருகாலத்தில் இரு கருவிகளும் தமிழுக்கு ஒரேயளவிற் பயனற்றிருந்தன. ஒன்று சில ஆண்டுகள் முந்திக்கொண்டது, மற்றது பிந்தியது. நாம் நீங்கியது அந்த இடைக்காலத்தில் என்பதே உண்மை.

நிகழ்ந்த மாற்றம்

2017இல் வெளிவந்த 1.5.3 என்னும் வளர்நிலைப் பதிப்பிலே ஸ்கிரைபஸின் எழுத்தமைப்பு இயந்திரம் அடியோடு மாற்றப்பட்டது. ஹார்ப்பஸ் என்னும் கட்டற்ற எழுத்துருவாக்க நிரல் அதனுள் இணைக்கப்பட்டது. அன்ட்ரொயிட் கைப்பேசிகளிலும் பயர்பொக்ஸ் முதலிய உலாவிகளிலும் நாம் நாள்தோறும் காணும் தமிழெழுத்தை உருவாக்குவது இந்நிரலே. இம்மாற்றத்தைச் செய்து முடிப்பதில் முன்னின்றோர் ஓமான் நாட்டைச் சேர்ந்த கட்டற்ற மென்பொருட் குழுவினர் என்பது கருதத்தக்கது. அரபு எழுத்து வலமிருந்து இடமாகச் செல்வது. ஒவ்வோர் எழுத்தும் சொல்லில் தான் நிற்கும் இடத்துக்கேற்ப வடிவம் மாறுவது. தம் மொழி அச்சேற வேண்டும் என்ற தேவையால் அவர்கள் செய்த வேலை, தமிழுக்கும் மலையாளத்துக்கும் சிங்களத்துக்கும் ஒருங்கே பயன்பட்டது. மூலநிரல் மறைக்கப்பட்ட கருவியில் இவ்வாறு நிகழ வழியில்லை. அங்கே அரபு மொழியாளர் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கலாம். தாமே சென்று திருத்த இயலாது.

இம்மாற்றத்தின் பயன் நிலைபெற்ற பதிப்பாக நம் கைக்கு வந்தது 1.6இலேயே. இப்போது 'கொள்கை' என்று எழுதினால் 'கொள்கை' என்றே தோன்றுகின்றது. 'குருகுலம்', 'தொன்னூல்', 'பௌத்தம்', 'ஸ்ரீ', 'லக்ஷ்மி' முதலிய சொற்கள், எழுத்துருவும் செவ்விதாக அமைந்திருப்பின், இடர்ப்பாடின்றி அமைகின்றன. நோட்டோ போன்ற கட்டற்ற உரிமம் பெற்ற தமிழ் எழுத்துருக்கள் இன்று கிடைப்பதனால், கருவியும் எழுத்துருவும் இரண்டும் உரிமச் சிக்கலற்றவையாக அமைதல் கூடும்.

ஆராய்ச்சிக் கட்டுரைகளை வெளியிடுவோர்க்கு இன்றியமையாத வேறு சில வசதிகளும் சேர்ந்துள்ளன. அடிக்குறிப்பும் இறுதிக்குறிப்பும் பழைய 1.4இல் இல்லை, எண்ணைக் கையாலிட்டு, குறிப்பைத் தனிச் சட்டகத்தில் எழுதி, பக்கம் நகர்ந்தபோதெல்லாம் அதனையும் நகர்த்தவேண்டியிருந்தது. இப்போது அவை தாமே எண்பெற்று உரிய பக்கத்தில் வந்தமைகின்றன. அட்டவணை அமைக்கும் முறை புதிதாக்கப்பட்டுள்ளது. அச்சகத்துக்கு அனுப்பும் பீ.டி.எவ். கோப்பை அச்சுத் தொழிலுக்கென வகுக்கப்பட்ட எக்ஸ்-1ஏ, எக்ஸ்-3, எக்ஸ்-4 என்னும் தரங்களில் ஆக்கலாம். நான்கு வர்ண அச்சுக்குரிய நிறப்பிரிப்பு முன்னரே சிறப்பாக அமைந்திருந்தது. கோப்பை அனுப்புமுன் அதனைத் தானே சோதித்து, எழுத்துருவில் இல்லாத குறி எது, தெளிவு குறைந்த படம் எது, சட்டகத்துள் அடங்காது மறைந்துநிற்கும் பகுதி எது என்று சுட்டிக்காட்டும் சோதனைப் பகுதியும் உண்டு. அச்சானபின் பிழை கண்டு வருந்துவோர்க்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

எஞ்சிய குறைகள்

இனிக் குறைகளை நோக்குவாம். குணம் நாடியபின் குற்றமும் நாடாது கூறும் முடிபு முடிபாகாது.

முதலாவது, வரியமைப்பு. இருபுறமும் ஒழுங்காக வரிகளை நிறுத்தும்போது சொற்களுக்கிடையே உள்ள வெளி கூடியும் குறைந்தும் வருதல் இயல்பு. டொனல்ட் நூத், மைக்கல் பிளாஸ் என்னும் இருவரும் 1981இல் வெளியிட்ட முறை, ஒரு பந்தியின் எல்லா வரிகளையும் ஒருங்கே எண்ணி, எங்கே முறித்தாற் பந்தி முழுவதும் சீராயமையும் என்று கணிப்பது. இன்டிசைன் தன் முதற் பதிப்புத் தொட்டே இவ்வழியைத் தழுவிய பந்தியமைப்பைக் கொண்டுள்ளது. ஸ்கிரைபஸ் இன்னும் ஒவ்வொரு வரியையும் தனித்தனியே முடிவுசெய்து அடுத்த வரிக்குச் செல்கின்றது. தமிழில் இக்குறை பெரிதாகத் தோன்றும். சந்தி சேர்ந்து நீண்ட சொற்கள் நம் மொழியில் மலிந்தவை. 'எடுத்துக்காட்டுவதற்காகவேயன்றி' என்பது போன்ற சொல்லொன்று வரியின் இறுதியில் அடங்காது அடுத்த வரிக்குச் சென்றுவிட்டால், முந்திய வரியிற் சொற்கள் ஒன்றையொன்று விட்டு விலகிப் பல்லிழந்த வாய்போல் நிற்கும்.

பழைய அச்சுக்கோப்பாளர் இதற்கு ஒரு நன்மரபைக் கையாண்டனர். தமிழ்ச் சொல்லை எந்த எழுத்தின் முடிவிலும், இணைகோடு எதுவும் இடாமல், முறித்து அடுத்த வரியில் தொடர்ந்தனர்; வாசிப்போரும் அதற்குப் பழகியிருந்தனர். ஸ்கிரைபஸிலும் கண்ணுக்குப் புலனாகாத, அகலமில்லாத இடைவெளிக் குறியை வேண்டிய இடங்களில் இட்டு இதனைச் செய்யலாம். ஆயின் அது கையால் செய்யும் வேலை. முந்நூறு பக்க நூலுக்கு அது பெருஞ்சுமை. இரண்டு பத்தியாக ஒடுங்கிய பக்கத்தில் சுமை இன்னும் கூடும். ஒரே பத்தியாக அகன்ற பக்கத்தில் குறையும். எனவே நூலின் அமைப்பைத் தீர்மானிக்கும்போதே கருவியின் இக்குறையையும் எண்ணிக்கொள்ளுதல் அறிவுடைமை.

இரண்டாவது, நீண்ட நூல்களில் வேகக்குறைவு. ஓரியலின் பாடம் முழுவதும் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்ட பல சட்டகங்களில் ஓடும்போது, முதற் பக்கத்தில் ஒரு சொல்லைத் திருத்தினால் ஏனைய பக்கங்களையும் கருவி மீளக் கணித்தாகவேண்டும். அவ்வேளையில் அது தயங்குகின்றது. இயல் இயலாகத் தனிக் கோப்புகளாக்கி இறுதியில் இணைப்பது இதற்கு மாற்று. பக்கங்கடந்து செல்லும் நெடிய அட்டவணைகளுக்கும் இது ஏற்றதன்று.

மூன்றாவது, பழையதற்கும் புதியதற்கும் உள்ள உறவு. 1.4இல் ஆக்கிய கோப்பை 1.6 திறக்கும், 1.6இற் சேமித்ததை 1.4 திறவாது. ஒரு குழுவில் ஒருவர் முன்னேறி மற்றொருவர் தங்கிவிடின் வேலை தடைப்படும். இன்டிசைனின் சொந்தக் கோப்பை இது நேரே திறக்கமாட்டாது, அம்மென்பொருளிலிருந்தே ஐ.டி.எம்.எல். என்னும் பரிமாற்ற வடிவில் வெளியேற்றித் தந்தால் ஓரளவு ஏற்கும். பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும் வழியும் 1.5 தொட்டு உண்டு. ஆயின் அதன் பயன் முழுமையன்று.

பரபக்கம்

மீள வேண்டா என்பார் கூற்றுகளையும் கேட்டு விடை கூறுதல் வேண்டும். பிறர் கொள்கையை முன்வைத்து அதன்பின் தன் கொள்கையை நிறுவுதல் நம் நூன்மரபு.

ஒருசாரார் கூறுவர்: அச்சகங்கள் யாவும் இன்டிசைனுக்குப் பழகியவை, வேறு கருவியிற் செய்த வேலையை அவர்கள் ஏற்கத் தயங்குவர். இதில் உண்மை உண்டு. ஆயின் அது, திருத்தக்கூடிய மூலக்கோப்பையே அச்சகத்துக்குக் கொடுக்கும் பழக்கத்தைப் பற்றியது. முற்றுப்பெற்ற பீ.டி.எவ். கோப்பைக் கொடுக்கும்போது, அது தரமறிந்து ஆக்கப்பட்டதாயின், எக்கருவியிற் பிறந்தது என்பது அச்சகத்துக்கு ஒரு பொருட்டன்று. மூலக்கோப்பை அச்சகத்திலேயே விட்டுவந்து, மறுபதிப்பு வேளையில் அதனைத் தேடி அலையும் வழக்கம் இதனால் ஒழியுமாயின் அதுவும் நன்மையே.

இன்னொருசாரார் கூறுவர்: விலையின்றிக் கிடைப்பது தரமின்றி இருக்கும், தரமானதற்கு விலையுண்டு. இது ஆராயாக் கூற்று. ஆயினும் இதற்கு மறுதலையாக, 'விலையில்லை, ஆதலின் ஏற்போம்' என்பாரும் அதேயளவு ஆராயாதவரே. முன்னர் ஒருமுறை நாம் இதனிடம் சென்றது பெரும்பாலும் விலையின்மை கருதியே. கசப்போடு திரும்பியதும் அதனாலேயே. இம்முறையும் அக்காரணம் ஒன்றே கொண்டு செல்வோமாயின், முதல் இடர்ப்பாட்டிலேயே மீண்டும் விலகுவோம். கற்பதற்குச் செலவாகும் காலமும் ஒருவகை விலையே.

மூன்றாவது சாரார் கூற்றே வலிமை மிக்கது: 'இன்டிசைன் தமிழை நன்கு ஆக்குகின்றது; வரியமைப்பிலும் அது சிறந்தது. நன்றாக இயங்குவதை விட்டுக் குறையுள்ளதை நாடுவது ஏன்?' பக்கத்தின் அழகு ஒன்றே அளவுகோலாயின் இக்கூற்றுக்கு விடையில்லை என்றே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயின் அளவுகோல் அது ஒன்றுதானா?

பூட்டப்பட்ட கோப்பு

2013 தொட்டு அடோபி நிறுவனம் இன்டிசைனின் புதிய பதிப்புகளை ஒருமுறை விலைக்கு விற்பதை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறியது. சந்தா நின்றால் மென்பொருள் இயங்காது. அதனால் ஆக்கிய மூலக்கோப்பும் திறவாது. ஓராண்டு மலரை அமைக்கும் கல்லூரிக் குழுவுக்கு மென்பொருள் தேவைப்படுவது ஆண்டில் இரண்டொரு மாதமே. அவ்விரண்டு மாதத்துக்குச் சந்தா கட்டி வேலையை முடிக்கலாம். ஐந்தாண்டு கழித்து, அம்மலரின் கட்டுரையொன்றை நூலாக்க விரும்பினால், தாமே ஆக்கிய கோப்பைத் திறப்பதற்கு மீண்டும் பணம் செலுத்தவேண்டும்.

இது கற்பனையான அச்சமன்று என்பதற்குப் பேஜ்மேக்கரே சான்று. அதன் கோப்புகளை இன்டிசைன் சி.எஸ்.6 வரை திறந்தது. அதற்குப்பின் வந்த சந்தாப் பதிப்புகள் திறவா. ஒரே நிறுவனத்தின் ஒரு மென்பொருளில் ஆக்கியதை அதே நிறுவனத்தின் வழித்தோன்றல் மறுத்துவிட்டது. 2001இல் வெளிவந்த பேஜ்மேக்கர் 7.0 கொண்டு அமைத்த பக்கங்களுக்கு, 2012இன் பின் நேர்வழி அடைபட்டது. அவ்வழி அடைபடாதிருப்பினும் உள்ளே இருப்பது தமிழன்று. பாமினியின் ஆங்கிலக் குறிகள். அவற்றை ஒருங்குகுறிக்கு மாற்றலாம். மாற்றும்போதும் பிழை புகும். பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் வலப்பகுதிக்கும் ளகரத்துக்கும் ஒரே வடிவமே பயன்பட்டது. ஆதலின் 'வெள்ளம்' என்னும் சொல்லில் உள்ள 'வெள' என்பதை ஔகாரமெனப் பிறழவுணர்ந்து, சில மாற்றிகள் 'வௌ்ளம்' என்று ஆக்கிவிடும். கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. தேடினால் அச்சொல் அகப்படாது. ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரசாலை நிறுவிப் பிழையற்ற பதிப்பைப் பேணிய மரபில் வந்தோர், இத்தகைய மறைபிழையை எளிதாகக் கொள்ளலாகாது.

சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, செல்லரித்தும் ஒடிந்தும் கிடந்த ஏடுகளோடு அவர் பட்ட பாடு யாவரும் அறிந்தது. ஏடு சிதைவதற்கு நூற்றாண்டுகள் சென்றன. நம் கணினிக் கோப்புகளோ இருபது ஆண்டுக்குள்ளேயே வாசிக்க முடியாதன ஆயின. 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் மலர்களையும் பக்கம் பக்கமாகப் படம்பிடித்துக் காத்து வருகின்றது. கணினியிலேயே கோக்கப்பட்ட ஒரு மலரை, அதன் அச்சுப் பிரதியிலிருந்து மீண்டும் படம்பிடித்துக் கணினிக்குள் ஏற்ற நேர்வதில் உள்ள முரணைச் சிந்தித்தல் வேண்டும். தாள் பிழைத்தது, கோப்புப் பிழைக்கவில்லை.

ஸ்கிரைபஸின் கோப்பு இவ்வகையில் வேறுபட்டது. அது எக்ஸ்.எம்.எல். என்னும் பொதுமுறையில் எழுதப்படுவது. ஸ்கிரைபஸே உலகில் இல்லாதொழியினும், எளிய உரைத்தொகுப்பி ஒன்றால் அக்கோப்பைத் திறந்து உள்ளிருக்கும் தமிழை வாசிக்கலாம், பிரித்தெடுக்கலாம். பழைய பதிப்புகளும் மூலநிரலும் பொதுவில் கிடப்பதனால், வேண்டுவோர் எதிர்காலத்திலும் அவற்றை நிறுவிக்கொள்ளலாம். வரியமைப்பிற் பின்தங்கிய கருவி, உடைமையிலும் ஆயுளிலும் முந்திநிற்கின்றது.

முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவது யாது? 1.4 காலத்தில் ஸ்கிரைபஸை விட்டு நீங்கியது தவறன்று. தமிழை எழுதமாட்டாத கருவியைத் தமிழர் ஏற்கவேண்டிய கடப்பாடு இல்லை. அந்நாளைய தீர்ப்பையே இன்றும் பற்றிநிற்பது தவறாகும். நீங்கியதற்கு உரிய காரணம் எழுத்துருவாக்கக் குறை ஒன்றே; அது 1.6இல் நீங்கிவிட்டது. காரணம் நீங்கியபின் முடிபு மட்டும் நிலைத்தல் பொருந்தாது.

ஆதலின் மீளலாம் என்பதே இக்கட்டுரையின் துணிபு. எனினும் அம்மீட்சி அளவறிந்ததாக இருத்தல் வேண்டும். புதிதாகத் தொடங்கும் மலருக்கும் நூலுக்கும் இதனைக் கொள்ளலாம். இடைவழியில் நிற்கும் வேலையை இதற்கு மாற்றுவது வீண் இடர். அகன்ற ஒற்றைப் பத்தியில் அமையும் கட்டுரை நூல்கள் இதற்கு மிக ஏற்றவை. ஒடுங்கிய பல பத்திகளில் நாள்தோறும் விரைந்து முடிக்கவேண்டிய செய்தித்தாளுக்கு இது ஏற்றதெனக் கூறத் துணியேன். முழு நூலையும் ஒப்படைக்குமுன், அடிக்குறிப்பும் அட்டவணையும் படமும் வடமொழி எழுத்தும் விரவிய எட்டுப் பக்கங்களை அமைத்து, அச்சகத்திற் சோதனைப்படி எடுத்துப் பார்த்தல் நன்று.

இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. எக்கருவியை ஏற்பினும், கட்டுரைகளின் திருத்திய பாடத்தை ஒருங்குகுறியில் எளிய உரைக்கோப்பாகவும், முற்றுப்பெற்ற பக்கங்களைப் பீ.டி.எவ். ஆகவும், மூலக்கோப்பை எழுத்துருக்களோடும் சேர்த்து, நூல்நிலையத்தில் ஈரிடத்தாயினும் வைத்துப் பேணுதல் வேண்டும். இவ்வொழுக்கம் இல்லாதோர்க்குக் கட்டற்ற கருவியும் பயன்தராது. இஃது உடையோர்க்கோ, நாளை ஸ்கிரைபஸையும் விட்டு வேறொன்றுக்குச் செல்லவேண்டி நேரினும் இழப்பில்லை. மீண்டும் பிரிய நேர்ந்தால் எழுத்தைக் கையோடு கொண்டு வெளியேறலாம் என்பதே, இக்கருவியிடம் அஞ்சாது திரும்பிச் செல்லலாம் என்பதற்கு நாம் காணும் தலையாய காரணம்.